தன் கையைப் போல் இன்னொரு கை

...இந்த பஸ்ஸிலும் வரவில்லையென்றால் அடுத்ததில் வந்துவிடுவார்கள், கடையநல்லூரிலிருந்து புளியங்குடி வழியாக அடிக்கடி பஸ் இருக்கத்தானே செய்கிறது, ஒன்பது மணிக்கு ஏறியிருந்தால் பத்தரைக்குள் இங்கே இறங்கியிருக்க வேண்டும், இப்போது மணி பத்து ஐம்பது, ஆனால் கைக்குழந்தையோடு கிளம்புகிறவர்கள் என்றைக்குச் சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறார்கள், பால் கொடுத்து, சட்டை மாற்றி, வாசல் வரைக்கும் வந்த பிறகு அது மறுபடியும் நனைத்து வைத்து... பொன்மணி இப்படித் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, சங்கரன்கோவில் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த பேக்கரியில், வாசலைப் பார்த்த மேஜையில், மூன்றாவது டீயை ஆறவிட்டபடி உட்கார்ந்திருந்தாள். வாசலில் நிழல் விழும்போதெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள், புருஷன் ராஜதுரை அந்தக் காலத்தில் பெண் பார்க்க வந்த அன்றுகூட இப்படி எழுந்து உட்காரவில்லை... முப்பத்தொரு வயதில், வேலை பார்க்கும் இ-சேவை மையத்தில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, ஏழுமாதக் குழந்தை ஒன்றைப் பார்க்க இப்படி இருப்புக்கொள்ளாமல் தவிக்கிறோமே என்று அவளுக்கே சிரிப்பாக வந்தது. குழந்தையைக்கூட இல்லை, குழந்தையின் கையை. தன் கையைப் போல் இன்னொரு கையை அவள் இந்த வயசு வரைக்கும் பார்த்ததில்லை, கண்ணாடியில் தவிர.

வலதில் மூன்று விரல், இடதில் இரண்டு. வலது உள்ளங்கையின் நடுவே, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பிளவு ஆழமாக இறங்கும், இடது கை இரண்டாகப் பிரிந்து கவ்வும், பள்ளிக்கூடத்தில் அதைப் பார்த்துத்தான் நண்டு என்று பெயர் வைத்தார்கள், பத்தாம் வகுப்பு வரைக்கும் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் அவள் பொன்மணி. கால்களும் அப்படியே. ஆனால் கையோடு நின்றதா? முளைத்த பல் ஏழெட்டு, அதுவும் ஆணி மாதிரி கூராக, தலைமுடி எவ்வளவு எண்ணெய் தேய்த்தாலும் சோளப்பூட்டை நார்போல, மேலுதட்டில் தையல் தழும்பு, போதாததற்குக் கண்ணிலிருந்து ஓயாமல் தண்ணீர்... ஏன்ட்டி அழுதே, ஏன்ட்டி அழுதே என்று ஊரே கேட்டது, அவள் அழாத நேரங்களில் எல்லாம் கேட்டது, நிஜமாக அழுதபோது யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பல்லுக்கு ராஜபாளையம், கண்ணுக்குத் திருநெல்வேலி, உதட்டுக்கு மதுரை என்று அம்மா ஒவ்வொன்றுக்காகவும் தனித்தனியாக அலைந்தாள், எத்தனை கேடு ஒரே பிள்ளைக்கு என்று எல்லா ஆஸ்பத்திரி பெஞ்சிலும் யாராவது ஒருத்தி உச்சுக்கொட்டினாள். பஸ்ஸில் எதிரே உட்காருகிறவர்களின் கண் முதலில் கைக்குப் போகும், பிறகு முகத்துக்கு வரும், பிறகு ஜன்னலுக்கு வெளியே போய்விடும், இந்த வரிசை மாறி அவள் பார்த்ததே இல்லை. அதனால் என்ன, மொத்தம் ஐந்தே விரலை வைத்துக்கொண்டு மையத்தில் அவள் தட்டுகிற வேகத்துக்கு ஒருத்தரும் கிட்டே வரமுடியாது, சாதிச் சான்றிதழுக்கு வந்து நிற்கிற பனவடலிசத்திரத்து ஆட்கள் விண்ணப்பம் முடிந்ததுகூடத் தெரியாமல் அவள் கையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள், அண்ணாச்சி, முடிஞ்சிட்டு, போங்க என்று அவள்தான் எழுப்பி அனுப்பவேண்டும்.

அந்தக் கேடு எல்லாம் ஒன்றுதான் என்று தெரிந்த நாள்... அதை நினைத்தால் இப்போதும் அவளுக்கு உடம்பு சிலிர்க்கிறது. கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்துக் குழந்தை என்ற பேச்சு வந்தபோது ராஜதுரைதான் ஆரம்பித்தான். "தெரிஞ்சுக்கிடுவோமேட்டி, தெரிஞ்சுக்கிட்டா என்ன குறைஞ்சா போயிரும்?" என்றான். மின்வாரியத்தில் லைன்மேன், எந்தப் பழுதையும் கம்பத்தில் ஏறிக் கண்ணால் பார்த்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். திருநெல்வேலியில் கனகலட்சுமி டாக்டர் என்று ஒருவர், மரபணு படித்தவர், இரண்டு சின்னக் குழாய் ரத்தம் எடுத்தார், அம்மாவிடமும் அப்பாவிடமும் கூட எடுத்தார், ஒன்றரை மாதம் கழித்துக் கூப்பிட்டு ஒரு தாளை மேஜையில் விரித்தார். மூன்றாவது குரோமோசோமில் பி63 என்று ஒரு மரபணு, அதில் சி என்ற எழுத்து இருக்கவேண்டிய ஓர் இடத்தில் டி இருக்கிறது, அவ்வளவுதான். பல்லுக்கு என்ன காரணம் டாக்டர் என்று கேட்டாள், இதுதான் என்றார், அப்போ கண்ணுக்கு, இதுதான், முடிக்கு, உதட்டுக்கு, வெயிலில் சீக்கிரம் உடம்பு காந்துகிறதே அதற்கு... "எல்லாத்துக்கும் இது ஒண்ணுதாம்மா. வயித்துல அஞ்சாறு வாரத்துல கை சின்னத் துடுப்பு மாதிரிதான் முளைக்கும். அந்த ஓரத்துத் தோலு, நீ வளரு, நீ வளருன்னு உள்ளே சொல்லிக்கிட்டே இருக்கணும். அதைச் சொல்ல வைக்கிற மேஸ்திரி இந்த மரபணு. தோலு, பல்லு, முடி, வேர்வைச் சுரப்பி, கண்ணீர்க் குழாய், அத்தனை வேலைக்கும் அவன்தான் மேஸ்திரி. அவன் கையில இருந்த தாள்ல ஒரு எழுத்து மாறிப்போச்சு." ஒரு எழுத்து! ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகும் என்று பொன்மணிக்கா தெரியாது, அப்பா பெயரில் ஒரு எழுத்து மாறியதால் பட்டா நின்றுபோனவர்கள், முதலெழுத்து இடம் மாறியதால் உதவித்தொகை வராமல் போனவர்கள், தினமும் அவள் முன்னால்தானே வரிசையில் நிற்கிறார்கள்... ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் அவள் ராஜதுரையின் தோளைப் பிடித்துக் குலுக்கினாள், "எழுத்துப் பிழைதானாங்க நான், வெறும் எழுத்துப் பிழை," என்று சிரித்தாள், அவன் பைக் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான்.

இன்னொன்றும் டாக்டர் சொன்னார். அம்மா ரத்தத்தில் அந்த மாற்றம் இல்லை, அப்பா ரத்தத்திலும் இல்லை, யாரும் கொடுத்தது இல்லை, இவளிடம் புதிதாக நேர்ந்தது. முப்பத்தொரு வருஷமாக அம்மா தங்கத்தாய் தலையில் இருந்த பழி! கிரகணத்தன்றைக்கு அரிவாள்மணையைத் தொட்டாள் என்று அப்பாவின் கூடப்பிறந்த அத்தை சொன்னாள், தொடவில்லை, வெளியே வந்தாள் என்று சித்தி சொன்னாள், எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒருத்தி பொன்மணியின் கையைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கிரகணக் கணக்குக் கேட்டாள். அவசர அவசரமாக அம்மாவுக்குப் போன் போட்டு, யம்மா, உன்மேல தப்பே இல்லைம்மா, பேப்பர்லயே இருக்கு, என்று மூச்சுவிடாமல் கத்தினாள், பனவடலிசத்திரத்திலிருந்து அம்மா, "சரிட்டி, மத்தியானம் சாப்ட்டியா?" என்றாள். அவ்வளவுதானா! பட்டாசு வெடிக்கவேண்டிய இடத்தில்... சரி, அம்மா எப்போதுமே அப்படித்தான்.

இவளுக்குப் பிறக்கிற குழந்தைக்கு அந்த எழுத்து போகப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு, நாணயத்தைச் சுண்டிவிடுகிற மாதிரி, வயிற்றில் இருக்கும்போதே பார்த்துச் சொல்லவும் வழியிருக்கிறது என்று டாக்டர் சொன்னதை மட்டும் பொன்மணி மடித்து எங்கேயோ உள்ளே வைத்திருந்தாள். ராஜதுரையும் கேட்பதில்லை. அது அப்படியே இருக்கும்போதுதான் போன வாரம் டாக்டரிடமிருந்து போன், கடையநல்லூரில் ஹஸ்னா பானு என்று ஒரு பெண், இருபத்துமூன்று வயசு, முதல் பிள்ளை, அவளிடம் கேட்டுக்கொண்டுதான் பேசுகிறேன், குழந்தைக்கு உன்னைப்போலவே கை, பரிசோதனையில் வந்ததும் அதே மரபணு, அதே இடம், அதே எழுத்து, நீ ஒருதடவை அவர்களைப் பார்ப்பாயா... பார்ப்பாயாவா! அன்று முழுவதும் அவளுக்கு வேலை ஓடவில்லை. அதே இடம், அதே எழுத்து என்றால் எங்கேயோ ஒரே ரத்தமாகத்தானே இருக்கவேண்டும், தங்கள் வீட்டு ஆள் யாரோ எந்தக் காலத்திலோ அந்தப் பக்கம் போயிருக்கலாம், அங்கிருந்து யாரோ இங்கே வந்திருக்கலாம், யார் கண்டது... ராத்திரியே மறுபடி டாக்டருக்குச் செய்தி அனுப்பிக் கேட்டாள். அவர் பொறுமையாகப் பதில் போட்டார், அந்த எழுத்து இருக்கிற இடமே கொஞ்சம் பலவீனமான இடம், அடிக்கடி தானாக மாறும், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத தேசங்களில் எல்லாம் அதே எழுத்து மாறிப் பிறந்தவர்கள் உண்டு, உன் அப்பா அம்மாவுக்கும் இல்லை, அந்தக் குழந்தையின் அப்பா அம்மாவுக்கும் இல்லை, எனவே சொந்தம் என்று சொல்ல இதில் எதுவும் இல்லை. வாசித்தபோது கையில் கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. மறுநாள் பல் விளக்கும்போது, அதனால் என்ன என்று தோன்றிவிட்டது. சம்பந்தமில்லாத தேசங்களில் எல்லாம்... அப்படியானால் எங்கெங்கேயோ, பாஷை தெரியாத ஊர்களில் எல்லாம், இந்தக் கை இருக்கிறது!

ஒன்றே ஒன்றுதான் பயம், ஹஸ்னாவின் மாமியார். குழந்தையின் அப்பா சிஹாபுதீன் சவூதியில், தமாமில் இருக்கிறானாம், கூட மாமியார் மைமூனம்மாள்தான் வருகிறாராம். மாமியார் என்றதும் பொன்மணிக்கு அத்தையின் குரல்தான் காதில் கேட்டது. அந்தப் பொண்ணைப் பாடாய்ப் படுத்தியிருப்பாள், நிச்சயமாக, கிரகணமோ வேறென்னவோ... படுத்தினால் சும்மா விடக்கூடாது, டாக்டர் சொன்னதை ஒரு வரி விடாமல் அந்த அம்மா முகத்துக்கு நேரே சொல்லவேண்டும், இல்லை, முதலில் மரியாதையாக ஆரம்பித்து... பல்செட்டை நாக்கால் ஒருதடவை அழுத்திப் பார்த்துக்கொண்டாள். போட்டுக்கொண்டு வந்தது சரிதானா? அழகாகத் தெரியவேண்டும் என்று போட்டது, அது ஏமாற்றுகிற மாதிரி ஆகிவிடாதா? துப்பட்டாவுக்கு அடியில் இடது கை தானாகப் போய் ஒளிந்திருந்ததை அப்போதுதான் கவனித்தாள், சீ, இன்றைக்குமா என்று அதைப் பிடித்திழுத்து மேஜைமேல் வைத்தாள். பூக்கூடைகளை ஏற்றிக்கொண்டு ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தபடி குறுக்கே போனது, பிச்சிப்பூ வாசனை டீக்குள் இறங்கியது, அது நகர்ந்ததும், நுழைவாயில் பக்கம், இறங்கி நின்று திசை தெரியாமல் பார்க்கிற இரண்டு பெண்கள், ஒருத்தி கறுப்பு புர்கா, இன்னொருவர் வெள்ளைத் துப்பட்டி, தோளில் ரோஸ் நிறத்தில் ஒரு பொதி...

எப்படி ரோட்டைத் தாண்டினாள் என்று அவளுக்குத் தெரியாது. கையை உயர்த்தி ஆட்டிக்கொண்டே ஓடினாள், இடது கையை, நடு பஸ் ஸ்டாண்டில், எல்லோரும் பார்க்க. புர்காக்காரப் பெண்ணின் கண் முதலில் அந்தக் கைக்குத்தான் வந்தது, ஆனால் ஜன்னலுக்கு வெளியே போகிறமாதிரி எங்கேயும் போகவில்லை, அங்கேயே நின்றுவிட்டது. "பொன்மணி அக்காதானே?" என்றாள். பேக்கரிக்குள் கூட்டிக்கொண்டு வந்து, மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்து, தண்ணீர் வாங்கிக் கொடுத்து, என்னம்மா வெயிலு, பஸ்ல இடம் கிடைச்சுதா என்று வாய் எதையோ பேசிக்கொண்டிருக்க, கண் அந்த ரோஸ் பொதியிலேயே இருந்தது. இவ்வளவு வெயிலில் கைக்கு உறை போட்டிருந்தார்கள்.

"பேரு ஆமினா," என்றாள் ஹஸ்னா. "உறையக் கழட்டட்டாக்கா?"

பொன்மணி தலையை ஆட்டினாள். உறை உருவப்பட்டது. அவள் எதிர்பார்த்தது என்ன... அழுகை வரும் என்று நினைத்திருந்தாள், அல்லது ஐயோ என்று இருக்கும் என்று, வந்ததோ சிரிப்பு, அடிவயிற்றிலிருந்து குபீர் என்று. அட! இந்தப் பிளவு! சுண்டுவிரல் உள்பக்கமாகக் கொஞ்சம் ஒருக்களித்துச் சாய்கிறதே, அது தனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தாளே, நகம் பாதியில் நின்றுபோகிறதே, அதுவும் அப்படியே! தன் வலது கையைப் பக்கத்தில் வைத்தாள். பெரியதும் சின்னதுமாக ஒரே கை. குழந்தை அதை உற்றுப் பார்த்துவிட்டு, எந்த ஆச்சரியமும் இல்லாமல், பொன்மணியின் பிளவுக்குள்ளேயே தன் கையை விட்டு அங்கிருந்த தோலைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. எவ்வளவு பலம்! பக்கத்து மேஜைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார், பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும், இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க இவருக்குக் கொடுத்து வைத்திருக்கவேண்டும்.

குழந்தையின் வலது கண்ணிலிருந்து தண்ணீர் கன்னத்தில் இறங்கியது. ஹஸ்னா சட்டென்று புர்காவின் நுனியால் துடைத்தாள். "எப்பப் பாத்தாலும் அழுதுக்கா, தூங்கும்போதும் அழுது. எதுக்குன்னே தெரியல. என்னையப் பாத்தாத்தான் அழுதோன்னு..."

"அழல," என்றாள் பொன்மணி, கிட்டத்தட்டக் கத்தினாள். "அழவே இல்ல ஹஸ்னா! கண்ணுல இருந்து மூக்குக்குத் தண்ணி போற குழாய் நமக்கு ஒழுங்கா இருக்காது, அதான் வெளிய வழியுது. எனக்கும் இப்படித்தான், இங்கன பாரு. டாக்டர் சொல்லுவாங்க, சுத்தமாத் துடைச்சு வச்சுக்கிட்டா போதும், தேவைன்னா பின்னால சரி பண்ணலாம். அவ சும்மா இருக்கா, சந்தோசமா இருக்கா." நமக்கு என்று சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. நமக்கு! யாரிடமும் இதுவரை சொல்ல வாய்ப்பில்லாத வார்த்தை. அந்த உற்சாகத்தில், மத்தியானத்தில் உடம்பு காந்தும், ஈரத்துணி போட்டு எடு, இந்த உறையைத் தூக்கி எறி, எதையும் அவளே பிடிக்கட்டும், பென்சிலை இப்படிப் பிடிப்பா பாரு என்று பில் தாளை இழுத்து, கடைக்காரரிடம் பேனா வாங்கி ஆமினா என்று எழுதிக் காட்டினாள். ஹஸ்னா அந்தத் தாளை எடுத்து மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மைமூனம்மாள் நாற்காலியை மேஜையோடு ஒட்டி இழுத்துப் போட்டார். இதோ ஆரம்பிக்கப் போகிறார் என்று பொன்மணி நிமிர்ந்து உட்கார்ந்தாள், தயார் செய்து வைத்திருந்த வரிகள் தொண்டைக்கு வந்து நின்றன. அந்த அம்மாவோ குழந்தையைப் பார்க்காமல், டீத் தம்ளரைப் பார்த்தபடி கேட்டார். "மக்கா, உங்க வாப்பாவும் உம்மாவும் சொந்தமா?"

"இல்லைம்மா. அம்மாவுக்குப் பனவடலிசத்திரம், அப்பாவுக்கு ராயகிரி. பொண்ணு பாக்க வந்தப்பதான் மொத மொத பாத்தாங்களாம்."

"சொந்தமே இல்லையா? கொஞ்சங்கூட?"

"கொஞ்சங்கூட இல்லை."

மைமூனம்மாள் ஹஸ்னாவைக் கையால் காட்டினார். "இவ என் தம்பி மவ," என்றார். "வேண்டாம் மாமி, படிக்கப் போறேன்னு சொன்னா. நான்தான் வெளிய விடக்கூடாதுன்னு ஒத்தக் கால்ல நின்னு என் மவனுக்கு முடிச்சு வச்சேன். சொந்தத்துல கட்டுனா இப்படித்தான் வரும்னு எல்லாரும் சொல்லுதாவ. டாக்டரம்மா இல்லன்னுதான் சொன்னா, என் மனசு தேறட்டும்னு சொல்லுதான்னு நெனச்சேன். ஏழு மாசமா தொழுகையில உக்காந்தா அல்லாஹ்கிட்ட இது ஒண்ணத்தான் கேக்கேன், பிள்ளைக்கு நான் செஞ்ச வினையான்னு..."  பொன்மணி திகைத்துப்போனாள். இந்த அம்மாவோடு சண்டை போடவா ஒரு வாரமாக ஒத்திகை பார்த்தாள்? அத்தையின் முகத்தை இந்த முகத்தில் ஒட்டிவைத்துக் காத்திருந்தாளே... மைமூனம்மாளின் கையை எடுத்துத் தன் இரண்டு விரலுக்கு நடுவே பிடித்துக்கொண்டாள். "சொந்தத்துல கட்டி வர்ற நோயி வேற இருக்கும்மா, ரெண்டு பக்கமும் இருந்து வந்தாத்தான் அது வரும். இது அப்படி இல்ல. உங்க மவன்கிட்டயும் இல்ல, இவகிட்டயும் இல்ல, பேப்பர்ல இருக்கு. என்னையப் பாருங்க, எங்க அப்பா அம்மாவுக்கு ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது, எனக்கும் அதே எழுத்துதான் மாறியிருக்கு." அந்த அம்மா பார்த்தார். டாக்டரின் தாளில் நம்பாததை இந்தக் கையில் வாசிக்கிறவர்போல நெடுநேரம் பார்த்தார், பிறகு பெரிதாக ஒரு மூச்சு விட்டு, மருமகளிடம், "ஏட்டி, பிள்ளையக் கொடு இங்கன," என்று வாங்கி, உறையில்லாத அந்தக் கையை முத்தமிட்டார்.

அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் பஸ்களைக் காட்ட ஆரம்பித்தார். பொன்மணிக்குத் தரையில் கால் நிற்கவில்லை, ராஜதுரைக்கு இப்போதே போன் போடவேண்டும், கம்பத்தின் உச்சியில் இருந்தாலும் இறங்கச் சொல்லிச் சொல்லவேண்டும், ஏழு மாதக் கனத்தை அரைமணி நேரத்தில்... ஹஸ்னா மேஜையின் எதிர்ப்பக்கத்திலிருந்து எழுந்து இவள் பக்கத்து நாற்காலிக்கு வந்தாள். மாமியாரின் முதுகைப் பார்த்துக்கொண்டே, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அக்கா, உங்க அம்மா உங்கள மொத மொதல்ல பாத்தப்போ என்ன செஞ்சாங்களாம்?"

"ஏம்மா?"

"நர்ஸ் துணிய விலக்கிக் காட்டுனப்போ நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன்க்கா. கொஞ்ச நேரந்தான். அப்புறம் வாங்கிக்கிட்டேன். யாருக்கும் தெரியாது, மாமிக்குக்கூடத் தெரியாது. ஆனா அந்தக் கொஞ்ச நேரம்... உங்க அம்மா என்ன செஞ்சாங்க?"

பொன்மணி நினைவில் தேடினாள். கிரகணம் எந்த மாதம், எந்தக் கிழமை என்று தெரியும், அத்தை சொன்னது தெரியும், சித்தி சொன்னது தெரியும், ஆஸ்பத்திரி பெஞ்சில் உச்சுக்கொட்டியவளின் சேலை நிறம்கூடத் தெரியும், அம்மாவை யார் யார் என்னென்ன சொன்னார்கள் என்று முப்பத்தொரு வருஷமாக ஒன்றுவிடாமல் சேர்த்து வைத்திருக்கிறாள்... அம்மா என்ன செய்தாள்? இந்தப் பெண்ணின் வயசுதானே அன்றைக்கு அவளுக்கும், இப்படி ஒரு கட்டிலில்தானே, நர்ஸ் துணியை விலக்கியபோது? திருப்பிக்கொண்டாளா? திருப்பிக்கொண்டால்தான் என்ன, தனக்கே நாளைக்குப் பாதிக்குப் பாதியில் அந்தப் பாதி வந்து துணி விலகும்போது, இன்றைக்குச் சிரித்தமாதிரி சிரிப்பாளா, இல்லை...

"தெரியலையே ஹஸ்னா," என்றாள். "நான் கேட்டதே இல்ல."

ஹஸ்னா இன்னும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் மைமூனம்மாள், அங்கன பாரு, பெரிய பஸ்ஸு, என்று சொல்வது கேட்டது. பொன்மணி போனைக் கையில் எடுத்தாள், அம்மா என்ற பெயரைத் தொட்டாள், மணி போகத் தொடங்கியது, ஒன்று, இரண்டு... அம்மா எடுத்தால் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.